போகாதக்கா மறைத்த ஏழு மாதம்

சலவைக்கடை முன்மேசையில் நிற்கிறவர்களுக்குக் கொஞ்சமாவது பொய் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கறை பட்ட சட்டையை விரித்துப் போட்டு, "இது போகுமா?" என்று முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு கேட்பவரிடம், "பார்க்கலாம் சார், முயற்சி பண்றோம்" என்று சொன்னால்தான் கடை ஓடும். அந்த வித்தை சுட்டுப்போட்டாலும் வராத ஒருத்தி தெருமுனைச் சலவைக்கடையில் பத்தொன்பது வருஷம் நின்றாள். துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்குவாள், கறையை நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டுவாள், "போகாது" என்பாள். கொஞ்சமாவது மங்குமா என்று கேட்டால் அதற்கும் போகாதுதான். நாளைக்குப் போட்டுக்கொள்ள வேறு சட்டை இல்லையே என்று அழாக்குறையாகச் சொன்னாலும், "அழுதா கறை போகுமா? வேற வாங்கிக்குங்க" என்பாள். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அதனால் அவளுக்குப் போகாதக்கா என்று பெயர் விழுந்துவிட்டது.

கடைக்காரர் ஆரம்பத்தில் தலையில் அடித்துக்கொண்டார். வருகிற வாடிக்கையை வாசலிலேயே விரட்டுகிறாளே என்று புலம்பினார். போகப்போகத்தான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. அவள் "போகும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தக் கறை போயே தீரும் என்று நாலு தெருவுக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேருந்து மாறி வந்து துணி போட்டவர்களும் உண்டு. அப்படிப்பட்டவள் வாழ்நாளில் ஒரே ஒரு விஷயத்தை மறைத்தாள். சின்ன விஷயத்தையா மறைத்தாள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

அவள் கணவர் டயர்க்கடையில் வீல் அலைன்மென்ட் பார்ப்பவர். காரை மேலே நிறுத்தி, கீழே பள்ளத்தில் இறங்கி, இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒரே மாதிரி நிற்கிறதா என்று பார்த்துத் திருத்துகிற வேலை. முப்பத்தொரு வருஷம். இப்போதெல்லாம் சக்கரத்துக்குச் சக்கரம் கருவி மாட்டினால் திரையில் அளவு வந்துவிடுகிறது. பச்சை காட்டினால் சரி, சிவப்பு காட்டினால் தப்பு. அவருக்கு அதில் அரை நம்பிக்கைதான். வேலை முடிந்ததும் வண்டியைக் கடைக்குப் பின்னால் உள்ள காலித் தெருவுக்கு ஓட்டிப் போவார். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு, எதிர்வரிசை வீட்டுக்காரர்கள் பயப்படுகிற அளவுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பார். வண்டி தானாக நேரே போனால்தான் சாவியை ஒப்படைப்பார். நேர்கோட்டார் என்று அவரைக் கூப்பிட ஆரம்பித்தது டயர்க்கடை முதலாளிதான்.

வீட்டிலும் அதே கதைதான். வாசலில் கழற்றிப்போட்ட செருப்பு ஜோடி மாறி இருந்தால் குனிந்து சரிசெய்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சுவரில் மாட்டிய படம் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "என்னைக் கல்யாணம் பண்ணிக்கறதுக்கு முன்னாடி என் தோளை அளந்து பார்த்தீங்களா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். "பார்த்தேன். வலது பக்கம் கொஞ்சம் இறக்கம். போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்" என்றாராம்.

அவருடைய தலையைப் படம் எடுத்ததும் இந்தக் குணத்தால்தான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆராய்ச்சிக்காக நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களைத் தேடினார்கள். நாலு வருஷத்துக்கு ஒருமுறை மூளையைப் படம் பிடித்து, இடது பாதியும் வலது பாதியும் காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்று பார்க்கப் போகிறார்களாம். டயர் மாற்ற வந்த ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் சொன்னதைக் கேட்டு மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "மூளைக்கும் அலைன்மென்ட் பார்க்கறாங்க!" என்று மறுநாளே பெயர் கொடுத்துவிட்டார்.

முதல் படத்திலும் இரண்டாவது படத்திலும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது முறை படம் எடுத்த பிறகு இன்னும் சில பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். வார்த்தைகளைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள், முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். பிறகு, வீட்டுக்காரம்மாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

டாக்டர் இளவயதுப் பெண். திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் காட்டிச் சொன்னார்.

"ஐயா, யாருக்குமே மூளையோட ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒண்ணா இருக்காது. சில இடத்துல இடது பக்கம் தடிமனா இருக்கும், சில இடத்துல வலது பக்கம். வயசு ஏற ஏற அந்த வித்தியாசம் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமா குறையும். உங்களுக்கு இந்த எட்டு வருஷத்துல ரொம்பவே குறைஞ்சிருக்கு. இங்க பாருங்க, ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துடுச்சு."

நேர்கோட்டார் தொடையில் ஓங்கித் தட்டினார். "ரெண்டு பக்கமும் சமமா?"

"ஆமா, ஆனா ஐயா..."

"கேட்டியா? எட்டு வருஷத்துல தானா அலைன்மென்ட் ஆயிடுச்சு! முப்பது வருஷமா ஊரான் வண்டிக்குப் பண்ணினதுக்குப் பலன் பாரு!" என்று மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார். டாக்டர் மறுபடி வாயைத் திறப்பதற்குள், வெளியில் நின்ற அந்த ஆஸ்பத்திரி ஊழியரிடம் சொல்லிவிட்டு வருவதாக எழுந்து போயே போய்விட்டார்.

அவள் எழுந்திருக்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணியைப் பார்த்தே கறையின் வயசைச் சொல்கிறவளுக்கு முகம் படிக்கத் தெரியாதா?

"மெலிஞ்சிருந்த பக்கம் தடிச்சுச் சமமாகலை, இல்லையா டாக்டர்?" என்றாள்.

"இல்லம்மா. தடிமனா இருந்த பக்கம் வேகமா மெலிஞ்சு, அந்தப் பக்கத்துக்குச் சமமா இறங்கிடுச்சு."

அவளுக்குப் புரிந்தது. பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்து, ஒரு பாதி மட்டும் வெளுத்த துணியைப் பலமுறை பார்த்திருக்கிறாள். பளிச்சென்றிருந்த பாதியும் வெளுத்துப்போன பிறகு துணி ஒரே நிறமாகத்தான் இருக்கும்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். இந்தப் படத்தை மட்டும் வைத்து நோய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஞாபகப் பரிசோதனையிலும் பின்தங்கியிருக்கிறார், முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும் அதையே காட்டுகிறது. மறதி நோய் தொடங்கிவிட்டது. மாத்திரை கொடுக்கலாம், கொஞ்சம் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. "அவரைக் கூப்பிடுங்கம்மா, நான் விளக்கமா சொல்றேன்" என்றார்.

"நீங்க சொல்ல வேண்டாம். நானே சொல்றேன். எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது."

டாக்டர் ஒரு கணம் யோசித்தார். "சரி. ஆனா இன்னிக்கே சொல்லிடுங்க. புத்தி தெளிவா இருக்கும்போதே அவர் தெரிஞ்சுக்கணும். வேலையை விடறதா வேண்டாமான்னு அவரே முடிவு பண்ணணும். அது அவரோட உரிமை."

தலையாட்டிவிட்டு வந்தாள். படிக்கட்டில் சொல்லலாம் என்று நினைத்தாள். அவர் இரண்டு இரண்டு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். பேருந்தில் சொல்லலாம் என்று நினைத்தாள்; அவர் நடத்துநரிடம் தன் மூளையின் சமநிலையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார், அந்த ஆளும் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பன் மூளை எப்படின்னு கேளு" என்று ஆரம்பித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளை என்றைக்கு வந்திருக்கிறது?

மாத்திரையைச் சத்து மாத்திரை என்றாள். வாழ்க்கையில் முதல் பொய் அதுதான். அதற்குப் பிறகு பொய் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சலவைக்கடை மேசையில் யாரோ கேட்டபோது, "பார்க்கலாம்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. உள்ளேயிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஏழு மாதம் இப்படியே ஓடியது. அவர் தினமும் வேலைக்குப் போனார். சில நாள் சாப்பிட்டு முடித்துவிட்டு, சாப்பிட்டோமா என்று கேட்டார். மகள் எப்போது வருகிறாள் என்று ஒரே சாயங்காலத்தில் மூன்று முறை கேட்டார். ஒருநாள் இரண்டு செருப்பும் இடது காலுக்கானதாகப் போட்டுக்கொண்டு படி இறங்கினார். அவள் ஓடிப்போய் மாற்றிவிட்டாள். டயர்க்கடைக்குப் போய் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று தோன்றும். கை பழகின வேலை, கை பார்த்துக்கொள்ளும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். கார் வைத்திருப்பவர்கள் யார் யாரோ, அவர் தன் மனிதர். உண்மை அதுதான். அவரைத் தவிர அவள் வேறு யாரைப் பற்றியும் நினைக்கவில்லை.

எட்டாவது மாதம் தொடங்கிய வாரம், மத்தியான வேளையில் டயர்க்கடை முதலாளி வீட்டுக்கு வந்தார். நேர்கோட்டாரைக் கையைப் பிடித்துக் கூடவே அழைத்து வந்திருந்தார். அவள் சாப்பாட்டு இடைவேளைக்கு வந்திருந்தாள்.

"அண்ணி, ஒரு விபத்து" என்றார் முதலாளி. உட்காரவில்லை.

வழக்கமாக வரும் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர். மூன்று நாள் முன்னால் அலைன்மென்ட் பார்த்துக்கொண்டு போனவர். சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் அளவை மாற்றியபின், அது நகராமல் இருக்க இரண்டு பக்கமும் ஒரு நட்டை இறுக்க வேண்டும். வலது பக்கம் இறுக்கியிருந்தது. இடது பக்கம் இறுக்கவே இல்லை. மூன்று நாள் ஓட்டத்தில் கம்பி கழன்று, வளைவில் வண்டி திரும்பாமல் விளக்குக் கம்பத்தில் போய் மோதியிருந்தது. வண்டியில் வேறு யாரும் இல்லை. ஓட்டுநருக்கு வலது முழங்கால் சுக்குநூறு. இனி அந்தக் கால் மடங்காது என்று சொல்லிவிட்டார்களாம்.

"நான் இறுக்கினேன்" என்றார் நேர்கோட்டார். "ரெண்டு பக்கமும் இறுக்கினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"ஆனைக்கும் அடி சறுக்கும்ண்ணே, நான் உங்களைத் திட்ட வரல. எனக்குப் புரியலை, அவ்வளவுதான். மூளையைப் படம் எடுத்துப் பார்த்துட்டு எல்லாம் சமமா இருக்குன்னு டாக்டரே சொன்னதா சொன்னீங்க. அதை நம்பித்தானே நானும் உங்க தடுமாத்தத்தைப் பெருசா எடுத்துக்கலை?"

நேர்கோட்டார் மனைவியைப் பார்த்தார். சாட்சிக்குக் கூப்பிடுகிற பார்வை. ஊரே பொய் சொன்னாலும் இவள் சொல்லமாட்டாள் என்கிற நம்பிக்கை அதில் அப்படியே இருந்தது.

"டாக்டர் அப்படிச் சொல்லலை" என்றாள். "அவரா நினைச்சுக்கிட்டார். நான் திருத்தலை."

"என்ன சொன்னாங்க டாக்டர்?" என்றார் அவர்.

"உங்களுக்கு மறதி நோய் வந்திருக்கு. ஏழு மாசமா எனக்குத் தெரியும்."

"ரெண்டு பக்கமும் சமம்னு சொன்னாங்களே. நான் காதால கேட்டேனே."

"தடிமனா இருந்த பக்கம் மெலிஞ்சு மெலிஞ்சு சமமாயிடுச்சு. வித்தியாசம் இருக்கறதுதான் சரியாம். அது இவ்வளவு வேகமா குறையக் கூடாதாம்."

முப்பத்தொரு வருஷம் டயர்க்கடையில் நின்ற மனிதருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "நல்ல டயர் தேஞ்சு தேஞ்ச டயருக்குச் சமமாச்சு" என்றார் மெதுவாக. "இதை யாராவது அலைன்மென்ட்னு சொல்வாங்களா? இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு அன்னிக்கே புரிஞ்சிருக்குமே."

"நீங்க தாங்கமாட்டீங்கன்னு நினைச்சேன்."

"நான் தாங்குவேனா மாட்டேனான்னு என்னைக் கேட்டியா?" குரல் உயரவே இல்லை. "அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே அந்தப் பள்ளத்துலேர்ந்து நானே ஏறி வந்திருப்பேன். என் கருவியை நானே துடைச்சு வச்சிருப்பேன். அந்த ஆளோட கால் நல்லா இருந்திருக்கும். நல்ல புத்தியோட ஏழு மாசம் இருந்தேன். இனிமே அப்படி ஏழு மாசம் எனக்கு எங்க கிடைக்கும்? அத்தனையும் நீ எடுத்துக்கிட்டே."

முதலாளி சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார். அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். யாரிடமும் எதற்கும் தலைகுனியாதவள், தரையைப் பார்த்தபடி இருந்தாள். அவர் சொன்னது அத்தனையும் சரி.

மறுநாள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஓட்டுநரைப் பார்த்தார்கள். நேர்கோட்டார் கட்டிலுக்கு அருகில் நின்று கைகூப்பினார். "தப்பு என்னோடதுதான் தம்பி" என்றார். ஓட்டுநர் அவரைக் கோபிக்கவில்லை. "உங்களுக்கு நோய்ண்ணே, உங்களை என்ன சொல்றது" என்று சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே?" அவள் ஆமாம் என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில், நடைபாதையில் நின்று அவர் கையை நீட்டினார். "சத்தியம் பண்ணு. இனிமே நான் எத்தனை தடவை கேட்டாலும் உண்மையைச் சொல்லணும். அழுதாலும் சொல்லணும். நீ யாருன்னே எனக்குத் தெரியாமப் போனாலும் சொல்லணும். எனக்கு என்ன ஆச்சுங்கறது என்னோடது. அதை எனக்குத் தெரியாம நீ வச்சுக்கக் கூடாது." அவள் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அன்றைக்கு அது பெரிய தண்டனையாகத் தெரியவில்லை.

ஒரு வருஷத்துக்குள் அது என்ன மாதிரியான சத்தியம் என்று தெரிந்துபோனது. சலவைக்கடைக்காரர் நல்ல மனிதர். நேர்கோட்டாரைக் கூடவே அழைத்துவரச் சொல்லிவிட்டார். கடையின் பின்கட்டில் உட்கார்ந்து கைக்குட்டைகளை முனைக்கு முனை சேர்த்து மடிப்பார். காலையில் முகம் தெளிந்திருக்கிற நாட்களில் கேட்பார்: "நான் ஏன் வேலைக்குப் போகலை? எனக்கு என்ன ஆச்சு?" அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைகளில் எல்லாவற்றையும் சொல்வாள். நோயையும் சொல்வாள், நட்டையும் சொல்வாள், முழங்காலையும் சொல்வாள், ஏழு மாதத்தையும் சொல்வாள். அவர் ஒவ்வொரு முறையும் முதல் முறையாகக் கேட்டார். ஒவ்வொரு முறையும் முகம் சுண்டிப்போனது.

"ஏம்மா அவரை இப்படிச் சித்திரவதை பண்றே?" என்று மகள் போனில் அழுதாள். "உடம்பு சரியில்லை, லீவுல இருக்கீங்கன்னு சொல்லிச் சமாளியேன். அவருக்குத் தெரியவா போகுது?"

"தெரியாதுங்கறதாலதான் போன தடவையும் சமாளிச்சேன்" என்றாள் அவள்.

ஒரே ஒரு நாள், எத்தனையாவது முறையோ, கேட்டுமுடித்துவிட்டு அவர் எழுந்து வந்தார். அவள் தலையில் கையை வைத்தார். "நீயும் என்ன பண்ணுவே, பாவம். பயந்திருப்பே. போகட்டும் விடு" என்றார். அவள் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். சட்டை வாங்க வந்தவர்கள் மேசை முன்னால் நின்றுகொண்டே இருந்தார்கள். அவர் அவள் கண்ணைத் துடைக்கத் தான் மடித்த கைக்குட்டைகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், அது யாருடையதோ.

அடுத்த நாள் காலை அவர் வீட்டு அலமாரியிலிருந்து பழைய ஆஸ்பத்திரிக் கோப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். முகத்தில் சிரிப்பு. "இங்க பாரு, என் மூளை ரெண்டு பக்கமும் சமம்னு எழுதியிருக்காங்க. நீ என்கிட்ட சொல்லவே இல்லையே?"

அவள் அவரை உட்கார வைத்து, கோப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கேட்டார். சிரிப்பு போனது.

"ஏழு மாசம் தெரிஞ்சும் என்கிட்ட மறைச்சியா?" என்றார்.

நேற்று மன்னித்துவிட்டீர்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லி என்ன பயன், அவருக்கு அது நடக்கவே இல்லை.

"ஆமாங்க. மறைச்சேன். தப்புதான்" என்றாள்.

அவர் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.